தடிமன்

ஐந்தாம் எண் திருகு அளவி யாருக்கும் வேண்டாம்.
வாயை முழுக்க மூடினாலும்
சுழி சுழியில் நிற்காது,
நாலு கோடு தள்ளித்தான் நிற்கும்.
லாபுக்குக் கடைசியாக ஓடி வருகிறவளுக்கு அது.
கடையாலுமூட்டில் என்னை இறக்கிவிடும் பஸ்
ஒருநாளும் முதல் மணிக்கு முன்னால் வந்ததில்லை.

எல்லாருக்கும் செம்புக் கம்பி கொடுத்தார்கள்.
பெரில் ஜெனிபா தன் தலைமுடியை வைத்துப் பார்த்து
புள்ளி பூஜ்யம் ஏழு என்றாள்.
என்னுடையது ஒன்று கூடுதல் என்றதும்
முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.
நான் ஜியாமெட்ரி பாக்சைத் திறந்தேன்.

உள்ளே ஆறு சீவல்.
ரப்பர்ப் பட்டை. விளிம்பில் பால் காய்ந்து
கறுத்துப் போயிருந்தது.
ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு,
ஒவ்வொன்றிலும் நூல் கட்டி
நாளை எழுதி வைத்திருந்தேன்.

தோட்டம் எல்லைக்கு அப்புறம், வெள்ளறடை போகும் வழியில்.
சூப்பர்வைசர் தங்கச்சன் தரையில் கிடந்த ஒரு சீவலைப் பொறுக்கி
பெருவிரல் நகத்தின் மேல் வைத்துப் பார்த்து
'கட்டி கூடுதலாணு' என்றாராம்.
ஒன்றரை மில்லிக்கு மேல் போனால்
மரம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.
கூலியில் இருநூறு பிடித்துவிட்டார்கள்.

கட்டி.
அந்தப் பக்கம் அதற்குக் கனம் என்று பொருள்.
இந்தப் பக்கம் அது சீழ் வைக்கும்.
அம்மாவுக்கு இரண்டும் கேட்டிருக்கிறது.

சீவலை இடையில் வைத்துத் திருகினேன்.
நுனியைப் பிடித்துத்தான் திருக வேண்டும்,
டக் டக் டக் என்றதும் விட்டுவிட வேண்டும்.
உருளையையே பிடித்து முறுக்கினால்
பட்டை நசுங்கும்.
நசுக்கினால் எந்தச் சீவலும்
ஒன்றரைக்குள் அடங்கும்.
என் விரல் உருளையில்தான் இருந்தது,
கொஞ்ச நேரம்.
பிறகு நுனிக்கு மாற்றினேன்.

புரிக்கோல் ஒன்று, தலைக்கோல் ஐம்பத்திரண்டு,
கழிக்க நாலு: 1.48.
அடுத்தது 1.51.
1.46.
1.50.
1.49.
இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கில்,
முந்நூறு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்த கை
இரண்டு தலைமுடி கனம்கூடப் பிசகவில்லை.
எழுந்து நின்று கத்தலாம் போல இருந்தது.

ஆறாவது, வியாழன்.
புரிக்கோல் இரண்டு. தலைக்கோல் பதினேழு.
நாலைக் கழித்தேன். 2.13.
எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன். 2.13.
தங்கச்சன் தோட்டத்துக்கு வந்ததும் வியாழன்தான்.
நகம் பொய் சொல்லவில்லை.

வியாழன் காலை மூன்று மணிக்கு
கண்ணில் நீர் வழிய, மூக்கு அடைத்து,
கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு
அம்மா படியில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது:
'லேசா தடிமன், வேற ஒண்ணும் இல்ல. நீ உறங்கு.'

ஒரு தும்மலுக்குக் கத்தி எவ்வளவு இறங்கும்?

அட்டவணையின் கடைசிக் கட்டத்துக்கு
புத்தகத்தில் உள்ளபடியே தலைப்பு எழுதியிருந்தேன்:
தடிமன்.

ஒன்று மட்டும் ஒத்து வராவிட்டால்
அதை விட்டுவிடுங்கள், சராசரி கெட்டுப்போகும்,
போன வாரம் ஜாஸ்பின் டீச்சர் சொன்னது.
விட்டால் 1.49.
சேர்த்தால் 1.60.
விட்டுவிட்டால் அம்மா தப்பே செய்யாதவள்,
வியாழக்கிழமை வேலைக்கே போகாதவள்.

பேனாவை மூடித் திறந்து மூடினேன்.
கருவி பிழைத்தால் கழிப்பதற்கு
நாலு கோடு கொடுத்திருக்கிறார்கள்.
அம்மாவின் வரிசைக்குப் பக்கத்தில்
அப்படி ஒரு கட்டம் இல்லை.
ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தேன்,
கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.
அதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
2.13-ஐ மட்டும் மையில் எழுதினேன், அடிக்காமல்.

'முடிச்சியாட்டி?'
பெரில் பின்னால் நிற்கிறாள்,
அவள் அளவி இறுகிக்கொண்டதாம், என்னுடையது வேண்டுமாம்.
'நாலு கழிக்கணும்' என்று சொல்லிக் கொடுத்தேன்.
சீவல்களைப் பொறுக்கிப் பாக்சில் போட்டேன்.
மணி அடித்தது.
செம்புக் கம்பியை
நான் இன்னும் அளக்கவே இல்லை.