ஒரு மயிரிழை இடப்பக்கம்

செவ்வாய்க்கிழமை, எட்டரை மணி.
ஆணி அகப்பட்டது.
யாருடைய களஞ்சியக் கதவோ,
யார் எந்தக் கோபத்தில் அடித்ததோ,
தலையில்லாத துரு ஆணி.
இழைப்பு எந்திரம் ஒருதரம் இருமியது,
பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது.

அதன்பின் வந்த எல்லாப் பலகையிலும்
ஒரு கோடு.
பள்ளமில்லை, மேடு.
கத்தி எங்கே உடைந்ததோ
அங்கே மரம் மிச்சம்.
கண்ணுக்குப் படாது,
பெருவிரல் நகத்துக்குப் படும்.
தேனீக்கும் படும் என்றார் விங்கோ,
நாற்பது தேன்பெட்டிக்கு முன்பணம் தந்தவர்.
"சந்து எட்டு மில்லிமீட்டர் என்றால் நடந்து போகும்,
குறைந்தால் பிசின் வைத்து அடைக்கும்,
கூடினால் அடை கட்டும்.
உன் எந்திரத்துக்கு அந்தப் புத்தி இல்லை."

த்செல்யே நகருக்குப் போனோம், தவோரினும் நானும்.
(பட்டறையில் பாதி அவனுடையது, கடனிலும்.)
கடையில் புதிது நின்றது:
உருளையைச் சுற்றி முறுக்கிக்கொண்டு
சின்னச் சின்னச் சதுரப் பற்கள்.
ஒன்று மழுங்கினால் அதை மட்டும் திருப்பினால் போதும்.
ஓடும்போதே மேசைமேல்
ஒரு நாணயத்தை நிமிர்த்தி வைத்தாள் விற்பனைப் பெண்.
விழவில்லை.
அவ்வளவு அமைதி.
"வாங்கிவிடலாமா?" என்றான் தவோரின்.
அது எனக்குத் தெளிவாகக் கேட்டதுதான் சங்கடம்.
அவன் பேசியது காதில் விழாமல்
பதினொரு வருடம் நான் நிம்மதியாக இருந்தது
எங்கள் பழைய எந்திரத்தின் புண்ணியம்.

விலையை வாசித்தேன்,
கண்ணாடி போட்டு ஒருமுறை,
கழற்றி ஒருமுறை.

வீட்டுக்கு வந்து பிளக்கைப் பிடுங்கி
என் கண்படும் இடத்தில் வைத்தேன்.
உருளைகளில் ஊசியிலை மரத்தின் பால்
கறுத்து இறுகியிருந்தது; துடைத்தேன்.
தளத்துக்கு மெழுகு தேய்த்தேன்.
விங்கோ தந்த தேன்மெழுகு வேண்டாம், அது ஒட்டும்;
கல்லறை விளக்குகளில்
நவம்பர் மிச்சம் வைத்த மலிவு மெழுகுதான்
பலகையை வழுக்கிக்கொண்டு போகவிடும்.

கத்தி மூன்று.
மூன்றுக்கும் ஒரே இடத்தில் ஒரே காயம்.
தீட்டி எடுக்கும் ஆழமில்லை,
தீட்டினால் கத்தியே மிஞ்சாது.
ஒன்றின் திருகுகளை மட்டும் தளர்த்தினேன்,
இடப்பக்கம் ஒரு மயிரிழை தள்ளினேன்,
உயரம் பார்த்து இறுக்கினேன்.
இப்போது இரண்டு விட்டுவிடுவதை
மூன்றாவது சீவுகிறது.
அதன் ஓட்டையை மற்ற இரண்டும்.

முதல் பலகை வெளியே வந்தது.
விங்கோ நகத்தால் தடவினார்,
திருப்பித் தடவினார்,
தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தவோரின் பைக்குள் துழாவி
பத்து சென்ட் நாணயம் ஒன்றை
எங்கள் மேசைமேல் நிமிர்த்தி வைத்தான்.
அது துள்ளிக் குதித்துச் சீவலுக்குள் ஓடி ஒளிந்தது.
சத்தத்துக்கு மேலே ஏதோ கத்தினான்.
எந்திரத்தை நிறுத்தி
என்னவென்று கேட்டேன், அதிசயமாக.

"புதிதிலும் ஆணி அகப்படும், இல்லையா?"

அகப்படும்.
முதலில் ஆணி தேடும் கருவி ஒன்று வாங்கு,
நாற்பது யூரோதான் என்றேன்.
அவன் மண்டியிட்டு
சீவலுக்குள் பத்து சென்ட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.