இருபத்தைந்து மில்லிமீற்றர்

வோல்சால் தபாற்கந்தோரில்
மட்டைத் துண்டொன்றில் வெட்டிய பிளவு உண்டு.
அதற்குள் நுழைந்தால் கடிதம்,
நுழையாவிட்டால் பொதி.
இடையில் இரண்டு பவுண் சொச்சம்.
என் லாபம் முழுக்க அந்தச் சொச்சம்தான்.

நான் விற்பது தையல் மெசின்களின் உள்ளுறுப்பு.
பொபின் கூடு, பல்லுத் தகடு, சிப் பூட்டும் பாதம்.
ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
உடைந்த மெசினாய் வாங்கிவந்து
குசினி மேசையில் கழற்றி எடுப்பது.
"பிரேதப் பரிசோதனை முடிஞ்சுதோ,
சோறு போடலாமோ" என்பார் இவர்.

கடை என்று சொன்னால் கடை.
கதவில்லை, பலகையில்லை.
யாரோ தேடும்போது மட்டும் திறக்கும்,
அதுவும் தேடியவர் ஒன்பதாம் பக்கம் வரை
பொறுமையோடு நடந்து வந்தால்.
எனக்கு முன்னால் முந்நூறு பொபின் கூடுகள்,
எல்லாவற்றுக்கும் ஒரே முகம்,
எல்லாம் வெள்ளை வெளியில் மிதப்பவை.
என்னுடையதன் கீழே மட்டும்
மேசைவிரிப்பின் மஞ்சள் கறை.

எண்பது எழுத்துக்குள் பெயர் வைக்கவேண்டும்.
சாத்திரியிடம் போகாமல்
நானே எண்ணினேன்.
"பழைய" என்பதை எடுத்து "அரிய" என்று போட்டேன்.
"அரிய" என்பதை எடுத்து மொடல் இலக்கம் போட்டேன்.
ஏழாம் பக்கம்.
தபாற்செலவு இலவசம் என்று அறிவித்து
அதே செலவை விலைக்குள் வைத்து மூடினேன்,
கொழுக்கட்டைக்குள் பயறுபோல்.
நாலாம் பக்கம்.
இலவசம் என்ற சொல்லை
ஆட்களைவிடத் தேடல் இயந்திரம்தான் அதிகம் நம்புகிறது.
மறுநாளே அனுப்புவேன் என்று வாக்கும் கொடுத்தேன்.
அதனால்தான் பள்ளிக்கூடக் கன்டீனில்
கடைசித் தட்டைக் கழுவிய ஈரக் கையோடு
ஐந்தரைக்குள் ஓடிவருவது.

பிறகு ஒரு புதன்கிழமை
இங்கா மூவற் என்பவர் எழுதினார்,
ஷெட்லண்டில் அன்ஸ்ற் என்ற தீவிலிருந்து.
"உங்கள் பொருளைப் பார்க்க முடிகிறது,
வாங்க முடியவில்லை.
என் தபால் இலக்கத்தை அடித்தால்
இங்கே அனுப்புவதில்லை என்கிறது.
ஏன் என்று கேட்கலாமா?
முத்திரை விலை எங்கும் ஒன்றுதானே."

ஒன்றுதானா?
படிவத்தைத் திறந்து பார்த்தேன்.
"தீவுகள் நீங்கலாக" என்ற பெட்டிக்குள்
என் கையால் இட்ட சரி அடையாளம்.
கூரியர்காரர் கூடக் கேட்பார்கள் என்று
யாரோ சொல்லி, எல்லோரும் இட்டு, நானும் இட்டது.
நான் ஒருநாளும் கூரியரில் அனுப்பியதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
எனக்குப் புங்குடுதீவு.
யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள்
வாங்கில் பக்கத்தில் இருந்தவள்
தன் தண்ணீர்ப் போத்தலை நகர்த்தி வைத்து
"தீவார்" என்று ஒரு சொல் சொன்னாள்,
எனக்குச் சொன்னதல்ல, போத்தலுக்குச் சொன்னதுபோல்.
முப்பத்தொரு வருடம் அதை மறக்காத நான்
ஒரு சொடுக்கில்
எத்தனை தீவுகளை நகர்த்தி வைத்திருக்கிறேன்,
பெயர்கூடக் கேளாமல்.

அடையாளத்தை நீக்கினேன்.
தேடலில் ஒரு பக்கமும் முன்னேறவில்லை.
அன்று கடைக்கு வந்தவர்கள் நாலு பேர்,
அதில் ஒருத்தி நான்.

இங்காவின் பொபின் கூட்டைச் சுற்றியதில்
குமிழிப் பிளாஸ்டிக் கொஞ்சம் கூடிவிட்டது.
எவ்வளவு கடல், எத்தனை கை மாறும் என்று
ஒரு சுற்று அதிகம்.
பிளவின் முன் மூச்சைப் பிடித்தேன்.
கவுண்டரில் ஹர்கீரத்
பெருவிரலால் ஒரு மூலையை அமுக்கி
என்னைப் பார்க்காமல், வரிசையைப் பார்த்தபடி
தள்ளினார்.
உரசிக்கொண்டு போனது.
கடிதம் என்றே ஒட்டினார்.

பதினோராம் நாள் பதில் வந்தது.
"படகு இரண்டு நாள் ஓடவில்லை. அளவு சரி, தைக்கிறது."
ஐந்தில் நாலு நட்சத்திரம்.
ஒன்றைக் குறைத்ததற்குக் காரணமும் எழுதியிருந்தார்:
வெங்காய வாசம்.