எடைமேடை

வாளையாறு எடைமேடையில் நான்தான் ராத்திரிக் கணக்கு.
சிமென்ட், கோழித்தீவனம், ஒருமுறை யானை.
பாகன் தன் எடையைக் கழிக்கச் சொல்லிச் சிரித்தான்.

தைராய்டு வந்த வருஷம் பதினோரு கிலோ கூடினேன்.
சுடிதாரில் இனிப் பிரித்துவிடத் தையல் இல்லை.
கஞ்சிக்கோட்டு அண்ணி, "தடிச்சுப் போயல்லோ" என்பாள்.
மதுக்கரையில் அக்கா, "என்னடி இப்படி?"
இரண்டு பாஷைக்கும் ஒரே சிரிப்பு வைத்திருந்தேன்.

நேற்று மூன்று மணிக்கு லாரி எதுவும் இல்லை.
கணவாய்க் காற்று ரசீதுப் புத்தகத்தைப்
புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
டிபன் பாக்ஸும் கையுமாய்ப் போய்
மேடை நடுவில் நின்றேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு,
ஒரு முனகல்கூட இல்லை.

ஜன்னலுக்குள் சிவப்பு எண்: எண்பது.
செருப்பைக் கழற்றி எறிந்தேன்: எண்பது.
டிபன் பாக்ஸை வெளியே வைத்தேன்.
எண்பதேதான்.
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும் இதற்கு.
என் பதினோரு கிலோ
அந்த இடுக்கில் எங்கேயோ கிடக்கிறது.

சீட்டு அடித்தேன்.
வண்டி எண்: பிரசீதா.
சரக்கு:
யோசிப்பதற்குள் ஹாரன்.
உடுமலைத் தேங்காய் லோடு.

வழிவிட்டு இறங்கி
எலுமிச்சை சாதத்தைத் திறந்தேன்.
பாதியில் மூடவில்லை.