வட்டத்துக்கு வெளியே

மத்தியானம் ரெண்டரை. கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு
வெயிலோடு சேர்ந்து உள்ளே வந்தார்கள்:
அப்பா, அம்மா, தொப்பி போட்ட பையன்,
ஓசூர் தாண்டும்போதே வெந்நீராகிவிட்ட பாட்டில்.
ஆதார் நகலை நான் திருப்பித் தருமுன்பே
அந்த அம்மா கேட்டார்,
'இங்க என்ன பாக்கலாம்?'

கவுண்டரில் ஒரு காகிதம் இருக்கிறது,
முதலாளி அச்சடித்தது.
படகுத்துறை, தாவரவியல் பூங்கா,
மஞ்சள் சுவர் வீதிகள்.
பேனாவால் வட்டம் போட்டுக் கொடுப்பேன்.
எட்டு வருஷமாகப் போடுகிறேன்.
அந்த வட்டங்களுக்குள் நான் போனது இரண்டு முறை,
அதில் ஒன்று
தொலைந்துபோன தம்பியைத் தேடி.

சூரியன் மறையறது எங்க நல்லா தெரியும்
என்றார் அப்பாக்காரர்.
எல்லாரும் கேட்பார்கள்.
இது கிழக்குக் கடல் சார்,
உதிக்க மட்டும்தான் தெரியும் என்றேன்.
ஏதோ நான் எடுத்து
மேசை இழுப்பறையில் ஒளித்துவைத்ததுபோலப் பார்த்தார்.
சாவியைக் கொடுத்தேன். இருநூற்று நாலு.

காகிதத்தில் இல்லாதவை சில உண்டு.
சொன்னால் முதலாளிக்குப் பிடிக்காது,
ஒன்றுக்கும் டிக்கெட் கிடையாது.

பிற்பகலில் நடந்தால் மேற்கு ஓரமாக நடக்க வேண்டும்.
சுவரின் நிழல் அப்போது ஒன்றரை அடி,
ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடியும்.
சண்டை போட்டுக்கொண்ட தம்பதிக்குத்
தோதான அகலம்.

நேரு வீதியில் அந்தப் பெரிய ஜவுளிக்கடை,
மூன்றாம் மாடி, பட்டுப் பிரிவு.
குளிரில் பல் கிட்டும்.
கல்யாணம் யாருக்கு என்பார்கள்,
யாருக்காவது என்று சொல்ல வேண்டும்.
நான் நாலு மே மாதமாக
அக்கா மகளுக்கு முகூர்த்தப் புடவை பார்க்கிறேன்.
அவள் இந்த வருஷம் ஆறாவது போகிறாள்.

பிறகு எங்கள் மொட்டைமாடி.
கலிவரதன் தொட்டியில் தண்ணீர் பார்க்க ஏறுவான்,
கூடவே ஏறிவிடுவேன்.
காலையிலிருந்து கடல் பக்கமாக உப்பிக்கிடந்த பெட்ஷீட்டுகள்
மூணேகால் சுமாருக்கு
மூச்சை விட்டுத் தொங்கும்.
ஒரு காகம்கூட அசையாது.
அப்புறம் அத்தனையும் ஒன்றாக
ஊர்ப் பக்கம் உப்பும்.
'வந்துட்டாண்டா' என்பான் கலிவரதன்,
வெளிநாட்டிலிருந்து மச்சான் வந்தமாதிரி.
அவன் சட்டைக்குள்ளும் காற்று புகுந்து
அரை நிமிஷம் தொப்பை வைத்த பணக்காரன் ஆவான்.

செவ்வாய் எனக்கு ஓய்வு.
ஐந்தரைக்குக் கடற்கரைச் சாலையில்
கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.
சுண்டல்காரர் என்னை விசித்திரமாகப் பார்ப்பார்.
அந்த நேரத்தில் பார்க்கவேண்டியது ஊரைத்தான்.
கட்டிடங்களின் நிழல் சாலையைக் கடக்கும்,
யாரையும் இடிக்காமல்
கைப்பிடிச் சுவர் ஏறும்,
கருங்கல்லில் தடுமாறித் தடுமாறி இறங்கி
தண்ணீரில் கால் வைக்கும்.
பகல் முழுக்க வெந்த ஊர்
தன் நிழலை மட்டுமாவது குளிக்க அனுப்புகிறது.

தெருமுனைகளில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது,
கதவிடுக்கு வழியாக விழுவதுபோல.
அப்படி ஒரு கீற்றில் நின்றுகொண்டு
யாரோ ஒரு பையன் தொப்பியைக் கழற்றினான், போட்டான்,
கழற்றினான்.
அவன் நிழலின் தலை பாறைகளைத் தாண்டி
அலை நுரையில் கிடந்தது.
ஒவ்வோர் அலைக்கும் 'முங்கிட்டேன்' என்று கத்தினான்.
அப்பாக்காரர் போன் எடுத்துக் கடலைப் படம் பிடித்தார்,
பிறகு பையனை,
பிறகு பிடிக்கவில்லை.

அந்த அம்மா என்னைக் கண்டுகொண்டார்.
'நீங்க ரிசப்ஷன்ல...'
'இன்னிக்கு லீவு' என்றேன்.
அவர் காலில் செருப்புக் கொப்புளம்,
கையில் என் வட்டங்கள் மடிந்து கசங்கிய காகிதம்,
பூங்காவரை போய்த் திரும்பியிருக்கிறார்கள்.
'வேற என்ன பாக்கலாம்?'

என்னிடம் பேனா இல்லை.
சுவர் இன்னும் சுட்டது.
துப்பட்டாவை மடித்துப் போட்டு
நகர்ந்து இடம் விட்டேன்.