அடைபட்ட இருபது

போர்ட் எட்வர்டிலிருந்து வந்தது காய்,
நாற்பது சீப்பு, மழை ஈரத்தோடு.
தானாகக் கனியாததைத்
தடிகொண்டு அடித்தால் கனியுமா என்பார்கள்.
எங்கள் தடி எத்திலீன்.
பதினெட்டு டிகிரி அறையில்
ஒரே ராத்திரி, சத்தமில்லாத அடி.

மறுநாள் இருபது சீப்புக்கு மட்டும்
இன்னொரு வாயு.
எத்திலீன் வந்து திறக்கும் பூட்டுகளுக்குள்
ஒவ்வொன்றாய்ப் போய்
சாவியை முறித்துவிட்டு வருவது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அந்த வாரம் பனிமூட்டம்.
மின்வெட்டு அட்டவணையின் இடைவெளிகளில்
குரோமட்டோகிராஃப் ஓடிக்கொண்டிருந்தது.
ஏழாம் நாள்
சும்மா விட்ட பழத்தின் தோலெல்லாம் கரும்புள்ளி,
திரையிலோ டிராகன்ஸ்பர்க் மலை:
ஐசோஅமைல் அசிடேட் ஒரு சிகரம்,
பக்கத்தில் எனக்கே பெயர் தெரியாத குன்றுகள்.
அடைபட்டதைக்
கல்யாணத் தட்டில் வைக்கலாம், அத்தனை லட்சணம்.
மூக்கருகே கொண்டுபோனேன்.
கழுவிக் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி.

ஒரு பழம் தட்டினால் பக்கத்துப் பழம் திறக்கும்,
அப்படித்தான் ஒரு தார் கனிகிறது.
திறக்காத வீட்டிலும்
மஞ்சள் எப்படியோ வந்துவிடுகிறது.
மணம் வருவதில்லை.

பணம் கொடுத்த கம்பெனியிலிருந்து
மகேந்திர கோவெண்டர் வந்தார்.
கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.
“டர்பன் கடையில் ரெண்டு வாரம் நிற்கும்.”
அவர் படிவத்தில் நிறம், உறுதி, எடை.
மணம்? என்றேன்.
“அதுக்குக் கட்டம் இல்லையே மேடம்” என்றார்,
நிஜமான வருத்தத்தோடு.
ஒன்றை உரித்துப் பாதி தின்றார்.
மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
கார் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தார்.

அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்தொன்பதாம் நாள், ஞாயிறு.
மிஞ்சிய சாம்பிளைக் கொட்ட வந்தேன்.
காவலர் ஸ்கும்புஸோ
பதிவேட்டை என் பக்கம் தள்ளியபடி கேட்டார்:
“உள்ளே யார் கேக் சுடுவது?”

யாருமில்லை.
அந்த இருபதுதான்.
முறிந்த சாவிகள் முறிந்தபடியே கிடக்க,
பழையதோடு மல்லுக்கட்டாமல்
சதைக்குள் புதுக் கதவு செய்துகொண்டிருந்தது பழம்,
பூட்டும் புதிது.

மூடிய ஜாடியின் காற்றை
ஊசியில் இழுத்து ஓடவிட்டேன்.
சிகரமெல்லாம் இல்லை.
ஒரு சின்ன மேடு,
கொஞ்சம் கோணல்.

மின்சாரம் போக நாலு நிமிஷம் இருந்தது.
பிரிண்ட் எடுத்தேன்.