மூடி

நடைபாதையில் அந்த இரும்பு மூடிமேல்
சமையலறை நாற்காலியைப் போட்டு
உட்கார்ந்திருக்கிறாள் டெர்வ்லா, ஏழு மணியிலிருந்து.
லிமெரிக்கில் வழக்கம்போல் மழை.

நேற்றிரவும் வாக்குவாதம்.
"வரியில் ஒருமுறை கொடுத்தாயிற்று" என்றாள்.
"பாதித் தண்ணீர் பழங்குழாயில் ஒழுகிப் போகிறது,
அளக்காமல் எப்படித் தெரியும்?" என்றேன்.
அப்போதும் எங்கள் குளியலறைக் குழாய்
சொட்டிக்கொண்டுதான் இருந்தது, இரண்டு வருடமாய்.

பள்ளம் தோண்ட வந்தவன் மாலக்கி,
அவள் தம்பியோடு படித்தவன்.
மண்வெட்டியில் சாய்ந்து
"எழுந்திருங்களேன், எனக்குத் தினக்கூலி" என்கிறான்.
"உன் வீட்டுக்கும் வருமடா பில்."
அவன் வாய் திறக்கவில்லை.

நான் மீட்டர் கட்சி.
குடையை எடுத்துப் போய்
அவள் தலைக்குமேல் பிடிக்கிறேன்.
கம்பி ஒன்று முறிந்த குடை;
வழியும் நீர் மாலக்கியின் கழுத்துக்குள்.
"தள்ளி நில்லேன்" என்கிறாள்,
யாரிடம் என்று தெரியவில்லை.