நான்கு கால்களும் நின்ற பிறகு

பகலெல்லாம் தபால் நிலையத்தில் பொட்டலங்களை நிறுக்கிறேன்.
அதனால்தான் பன்றிகளின் தராசுக்கும்
என்னைப் பிடித்து நிறுத்தினார்கள்.
"எடை உனக்குக் கைவந்த வேலைதானே" என்றான்
டயர்க்கடை லோரன் குச்சேரா.
நெப்ராஸ்காவின் இந்த ஓரத்தில்
ஆள் கிடைப்பது அவ்வளவு அருமை.

வியாழன் மாலைகளில் பதினேழு பிள்ளைகள்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் டெனீஸ் சொல்வாள்:
பன்றிக்கு வியர்க்கத் தெரியாது,
நிழலும் ஈரமும் நாம்தான் கொடுக்க வேண்டும்,
மறந்தால் ஜூலை கொன்றுவிடும்.
லோரன் வைக்கோலில் மண்டியிட்டு
தானே பன்றியாகி உறுமிக் காட்டுவான்,
கோல் எங்கே பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று.
சம்பளம் கிடையாது.
காப்பி உண்டு, அதுவும் ஆறிப்போனது.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று,
அதைச் சொன்னேன்:
நடக்கிற பன்றிக்கு எடை இல்லை.
எண் துள்ளும், பொறுங்கள்.
நான்கு கால்களும் நின்ற பிறகு வாசியுங்கள்.
வாசித்ததையே எழுதுங்கள்.
பேனாவால்.

பிரின் ஸ்வோபோடாவுக்குப் பதினொரு வயது.
ஊரை மேற்பார்வை பார்ப்பதுபோல் நடந்ததால்
தன் பன்றிக்கு மேயர் என்று பெயர் வைத்தாள்.
அவள் நோட்டைப் புரட்டினால்
தீவனம், செலவு, எடை, எல்லாம் நேர்கோட்டில்.
இடையில் ஜூன் மாதம்:

*ஒன்பதாம் தேதி. காய்ச்சல். தின்னவில்லை.*
*பத்து. தின்னவில்லை.*
*பதினொன்று. என் சட்டைப் பொத்தானைத் தின்றது.*
*பன்னிரண்டு. அரை டப்பா!*

சந்தை நாள். 230 பவுண்டு இருந்தால்தான் ஏலம்.
காலையில் ஓவன் டிர்டினாவின் பன்றியை
229 என்று நானே திருப்பி அனுப்பியிருந்தேன்.
அவன் கம்பி வேலியில் சாய்ந்து
நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மேயர் தராசில் ஏறியது,
வரி வசூலிக்க வந்ததுபோல் சுற்றிப் பார்த்தது.
226. 231. 228.
எண்ணை உறையவைக்க ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது.
முன்னங்காலை அது ஓங்கி ஊன்றிய நொடியில்
230.
என் கட்டைவிரல்
என்னைக் கேட்கவில்லை.

யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"இன்னும் நிற்கவில்லை" என்றாள் பிரின்.
என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை,
பன்றியின் கால்களைப் பார்த்துச் சொன்னாள்.
"பின்னங்கால், இடது."

அழித்தேன். காத்திருந்தோம்.
ஒரு ஈ வந்து உட்கார்ந்து எழுந்து போனது.
மின்விசிறி ஒரு சுற்று எங்கள் பக்கம் திரும்பிப் போனது.
மேயர் நின்றது, கல்லாய்.
227.
அவள் பேனாவைத் திறந்தாள்.

அன்று மாலை காட்சிக் களத்தில்
எடை கேட்காத போட்டி ஒன்றில்
நான்காவது பரிசு, வெள்ளை ரிப்பன்.
அதையும் மேயர் தின்னப் பார்த்தது.
ஓவன்தான் அதன் வாயிலிருந்து பிடுங்கிக் கொடுத்தான்.
ஏலம் போன பன்றிகளின் பிள்ளைகள்
லாரிக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தார்கள்.
அழக்கூடத் தனக்கு முறை வரவில்லை என்று
அவளுக்குத் தோன்றியிருக்குமோ, தெரியாது.
நான் கேட்கவில்லை.
லோரனிடம் பொத்தானைப் பற்றிச் சொன்னேன்.
அவன் ஆறிய காப்பியைக் குடித்துமுடித்து
"அடுத்த வருடமும் நீதான்" என்றான்.
அது தண்டனையா மன்னிப்பா,
இன்னும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை, என் ஜன்னலில் பிரின்.
கையில் உறை, தீவனக் கடைக்கு.
ஒட்டுவதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டினாள்:
பாக்கி அறுபத்தொரு டாலர்.
நாளைக்கு இரண்டு பவுண்டு ஏறுகிறது.
மூன்று வாரம் தவணை கிடைக்குமா?
காய்ச்சல் வந்தால் நான்கு.

உறையைச் சின்னத் தராசில் வைத்தேன்.
அவள் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
எண் அடங்கும் வரை
இருவரும் பேசவில்லை.

ஒரு தபால்தலை போதும் என்றேன்.